வெள்ளி கறுக்கிறது, தங்கம் ஏன் கறுப்பதில்லை? – வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லும்போது, ‘உலோகத்தின் மேல் வாயு மூலக்கூறுகள் சும்மா படிவதில்லை, பல சமயம் வேதிப்பிணைப்பு போட்டே ஒட்டிக்கொள்கின்றன’ என்று ஒரு வரி எழுதிவிட்டு நகர்ந்துவிட்டேன். நீங்கள் விடவில்லை. வந்த கடிதங்களில் பாதி அந்த ஒரு வரியைப் பற்றித்தான். சரி, இந்த முறை முழுப் பகுதியும் அதற்கே.

கேள்வி: எங்கள் பாடப் புத்தகத்தில் இயற்பரப்புக் கவர்தல், வேதிப்பரப்புக் கவர்தல் என்று ஓர் அட்டவணை இருக்கிறது. மனப்பாடம் செய்துவிட்டேன். ஆனால் ஒட்டியிருப்பது வேதிப்பிணைப்புதான் என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? கண்ணால் பார்க்க முடியாதே?
– பிளஸ் டூ மாணவி, விருதுநகர்

மனப்பாடம் செய்ததில் தப்பில்லை, மார்க் அதற்குத்தான் போடுகிறார்கள். ஆனால் நீங்கள் கேட்டிருப்பது அந்த அட்டவணையைவிட நல்ல கேள்வி.

முதலில் உலோகத்தின் பக்கம் இருந்து பாருங்கள். பிளாட்டினத்தின் உள்ளே இருக்கும் ஓர் அணுவைச் சுற்றி 12 அணுக்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. மேற்பரப்பில் இருக்கும் அணுவுக்கு, அணுக்கள் மிக நெருக்கமாக அடுக்கப்பட்ட முகத்திலேயே, 9 அணுக்கள்தான் பக்கத்தில். மேலே எதுவும் இல்லை. பிணைப்புக்குப் போக வேண்டிய எலக்ட்ரான்கள் கொஞ்சம் மிச்சமாக நிற்கின்றன. அந்தப் பக்கம் வரும் மூலக்கூறு பொருத்தமானதாக இருந்தால் பிடித்துக்கொள்ளும்.

பிடியில் இரண்டு வகை, உங்கள் அட்டவணையின் இயற்பரப்புக் கவர்தலும் வேதிப்பரப்புக் கவர்தலும்தான் அவை. செனான் போன்ற மந்த வாயு வந்தால் எலக்ட்ரான்களின் கணநேரத் தடுமாற்றங்களால் வரும் லேசான ஈர்ப்புதான், ஒரு மோலுக்கு 40 கிலோஜூலுக்கும் கீழே. ஐபிஎம் ஆய்வகத்தில் 1989-ல் 35 செனான் அணுக்களை ஒவ்வொன்றாக நகர்த்தி நிக்கல் மேல் தங்கள் கம்பெனிப் பெயரை எழுதினார்களே, அது இந்த வகை. எழுத்து கலையாமல் இருக்க மைனஸ் 269 டிகிரிக்குக் குளிரவைக்க வேண்டியிருந்தது. அறையின் வெப்பத்துக்கு வந்தால் அவ்வளவும் பறந்துவிடும். வேதிப்பிணைப்பு அப்படியில்லை, பொதுவாக 80-லிருந்து 400 கிலோஜூல் வரை போகும். பிளாட்டினத்தில் ஒட்டிய கார்பன் மோனாக்சைடை அகற்றச் சூடேற்றத்தான் வேண்டும்.

ஆனால் ‘கழற்றக் கஷ்டமாக இருக்கிறது’ என்பது மட்டும் நிரூபணம் ஆகாது, இல்லையா? பழைய நிரூபணம் ஒன்று எனக்கு ரொம்பப் பிடிக்கும். அமெரிக்காவில் ஜெனரல் எலக்ட்ரிக் கம்பெனியின் ஆய்வகத்தில் இர்விங் லாங்மியூர் குண்டு பல்பின் டங்ஸ்டன் இழையை ஆராய்ந்துகொண்டிருந்தார். பல்பு சீக்கிரம் கறுத்துப்போகிறது, அதைச் சரிசெய்ய வேண்டும், வேலை அவ்வளவுதான். இழையில் ஆக்சிஜன் ஒட்டிக்கொள்வதையும், எவ்வளவோ சூடாக்கினாலும் அது போகாததையும் கவனித்தார். கடைசியில் 1,500 டிகிரியையும் தாண்டிக் கிளம்பியபோது அது ஆக்சிஜனாக வரவில்லை, டங்ஸ்டன் ஆக்சைடாக வந்தது. போகும்போது உலோக அணுவையும் பிடுங்கிக்கொண்டு போகிறது என்றால் அதை வெறும் படிதல் என்று யார் சொல்வார்கள்? படிவது ஒரே ஓர் அடுக்குதான், அதற்கு மேல் பிணைப்பு போட உலோகத்தில் இடமில்லை என்பதையும் அவர்தான் கணக்குப் போட்டுக் காட்டினார். 1932-ல் வேதியியல் நோபல் பரிசு இதற்குத்தான் கொடுத்தார்கள்.

இன்றைக்கு இன்னும் நேராகக் கேட்க முடிகிறது. கேட்க என்று சும்மா சொல்லவில்லை. கார்பன் மோனாக்சைடில் கார்பனும் ஆக்சிஜனும் ஒன்றையொன்று இழுத்து விட்டு அதிர்ந்துகொண்டே இருக்கும். அகச்சிவப்பு ஒளியால் அளந்தால் தனியாகத் திரியும் மூலக்கூறுக்கு அந்த அதிர்வு 2143 என்று வரும் (சென்டிமீட்டருக்கு இத்தனை அலைகள் என்ற அளவில்). அதே மூலக்கூறு ஒரு பிளாட்டினம் அணுவின் தலையில் உட்கார்ந்தால் 2100-க்குப் பக்கத்தில் இறங்கிவிடும். இரண்டு பிளாட்டினம் அணுக்களுக்கு நடுவில் உட்கார்ந்தால் 1850 வாக்கில். உலோகத்தோடு போட்ட பிணைப்பால் உள்ளே இருக்கும் பிணைப்பு தளர்கிறது என்று அர்த்தம்.

ஏன் தளர்கிறது என்பதற்கு பிளைஹோல்டர் என்ற வேதியியலாளர் 1964-ல் ஒரு விளக்கம் கொடுத்தார், இன்றும் எல்லோரும் அதில்தான் ஆரம்பிக்கிறார்கள். கார்பன் மோனாக்சைடு கார்பன் பக்கம் கீழே வைத்து நட்டுக்குத்தலாக நிற்கும். கார்பனிடம் யாருக்கும் கொடுக்காத ஓர் எலக்ட்ரான் ஜோடி இருக்கிறது, அதை உலோகத்துக்குத் தருகிறது. உலோகம் பதிலுக்குத் தன் எலக்ட்ரான்களில் கொஞ்சத்தை மூலக்கூறிடம் தள்ளுகிறது. அது போய் உட்காரும் இடத்துக்கு எதிர்ப்பிணைப்பு நிலை என்று பெயர், அங்கே எலக்ட்ரான் ஏற ஏற கார்பனும் ஆக்சிஜனும் விலகும். பிளாட்டினம் அளவோடு தள்ளுகிறது, அதனால் மூலக்கூறு உடையாமல் தளர்கிறது. சூடான இரும்பில் ஒட்டினால் தளர்வதோடு நிற்காது, இரண்டாக உடைந்தே போய்விடும்.

இதே கொடுக்கல் வாங்கல்தான் நம் ரத்தத்தின் ஹீமோகுளோபினில் உள்ள இரும்பிலும் நடக்கிறது. ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக கார்பன் மோனாக்சைடு அங்கே பிடித்துக்கொள்ளும். காற்றோட்டம் இல்லாத குளியலறையில் கேஸ் கீஸரைப் போட்டுவிட்டுக் கதவைச் சாத்துகிறவர்கள் இதை ஒரு தடவை படித்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் தெருவில் நின்ற வேனின் சைலன்சரை ராத்திரியோடு ராத்திரியாக அறுத்துக்கொண்டு போய்விட்டார்கள். உள்ளே பிளாட்டினம் இருக்கிறதாம். புகையைச் சுத்தம் செய்ய அவ்வளவு விலையுள்ள உலோகம்தான் வேண்டுமா? காலையில் வண்டியை எடுத்தவுடன் மட்டும் ஏன் அப்படி நாறுகிறது?
– வேன் உரிமையாளர், கோவை

வருத்தமான விஷயம். சைலன்சரோடு இருக்கும் புகை சுத்தம் செய்யும் பகுதிக்கு வினையூக்கி மாற்றி என்று பெயர். உள்ளே இருப்பது சில கிராம்தான், ஆனால் அந்தச் சில கிராமும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் என்றால் திருடனுக்குப் போதாதா? தேன்கூடு மாதிரி ஓட்டை ஓட்டையாக இருக்கும் பீங்கான் கட்டியின் மேல் அலுமினா பூசி, அதில் இந்த உலோகங்களைச் சில நானோமீட்டர் அளவுள்ள துகள்களாகத் தூவியிருப்பார்கள். வேலை மேற்பரப்பில்தானே நடக்கிறது, உள்ளே கிடக்கும் அணுவால் பிரயோஜனமில்லை, அதனால்தான் அவ்வளவு பொடி.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, அதுதான் சுவாரசியம். கார்பன் மோனாக்சைடை எரித்து கார்பன் டை ஆக்சைடு ஆக்க வேண்டுமென்றால் பிளாட்டினத்தின் மேல் ஆக்சிஜனும் வந்து உட்கார வேண்டும். அது உட்காரும்போதே இரண்டு அணுக்களாகப் பிரியும், ஆகவே பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இடம் காலியாக வேண்டும். குளிர்ந்த சைலன்சரில் நடப்பது என்ன தெரியுமா? டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அந்த மாதிரி கார்பன் மோனாக்சைடு எல்லா இடத்தையும் முன்கூட்டியே பிடித்துவிடும். ஆக்சிஜன் வந்து பார்த்துவிட்டுப் போய்விடும். எந்த வாயுவைச் சுத்தம் செய்ய வைத்தோமோ அந்த வாயுவே உலோகத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. சைலன்சர் சூடாகி 250, 300 டிகிரிக்குப் போனால்தான் கார்பன் மோனாக்சைடு எழுந்து போக ஆரம்பிக்கும், அந்த இடத்தில் ஆக்சிஜன் நுழையும், பக்கத்தில் மிச்சம் இருக்கும் கார்பன் மோனாக்சைடோடு சேரும், அந்த எரிதலில் வரும் சூட்டில் இன்னும் இடம் காலியாகும், அப்புறம் மளமளவென்று ஓடும். அதற்கு முந்தைய ஒன்றிரண்டு நிமிடத்தில் வரும் புகைதான் உங்கள் மூக்குக்கு எட்டுவது.

புகையில் வரும் இன்னொரு நச்சு வாயுவான நைட்ரிக் ஆக்சைடை உடைப்பதற்கு ரோடியத்தைப் போல கைவந்த உலோகம் வேறில்லை, அதனால்தான் அந்த விலையையும் கொடுக்கிறார்கள்.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். கார்பன் மோனாக்சைடாவது சூடேற்றினால் போய்விடும். ஈயம் (காரீயம்) போகாது. பழைய பெட்ரோலில் இன்ஜின் தட்டாமல் இருக்க ஈயக் கலவை சேர்த்தார்கள், ஒரு சில டேங்க் அந்தப் பெட்ரோல் போட்டாலே மாற்றியின் கதை முடிந்தது. அதனால்தான் 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்கு இந்த மாற்றியைக் கட்டாயமாக்கியபோது ஈயமில்லாத பெட்ரோலையும் கூடவே கொண்டுவந்தார்கள், 2000 பிப்ரவரியிலிருந்து நாடு முழுக்க அதுதான். கந்தகமும் ஏறக்குறைய இதே ரகம். 2020 ஏப்ரலில் வாகனப் புகைக்கான பிஎஸ் 6 விதி வந்தபோது எரிபொருளில் கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கச் சொன்னதற்கு ஒரு முக்கியக் காரணம் இந்த உலோகங்களைக் காப்பாற்றுவது. ஈயத்தை எடுத்ததில் நம் பிள்ளைகளின் ரத்தமும் தப்பியது, அது கூடுதல் லாபம். என்னைக் கேட்டால் அதுவே பெரிய லாபம்.

கேள்வி: வெள்ளிக் கொலுசு ஆறு மாதத்தில் கறுத்துவிடுகிறது. என் பாட்டியின் தங்கக் காசுமாலை அப்படியே மின்னுகிறது. தங்கத்தில் எதுவுமே ஒட்டாதா?
– வாசகி, கும்பகோணம்

வெள்ளி கறுப்பது துரு இல்லை, கந்தகம். காற்றில் மிக மிகக் கொஞ்சமாக இருக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியில் ஒட்டி, உடைந்து, வெள்ளி சல்ஃபைடாக மாறி உள்ளேயும் இறங்குகிறது. முட்டை, ரப்பர் பேண்ட், கம்பளி எல்லாம் இதற்கு உதவி செய்யும். வெள்ளிச் சாமான் கட்டுக்கு ரப்பர் பேண்ட் போட்டு வைக்கிறவர்கள் தயவுசெய்து நூலுக்கு மாறுங்கள்.

தங்கத்துக்கு ஏன் இது ஆவதில்லை என்று 1995-ல் ஹாமர், நார்ஸ்கோவ் என்ற இரண்டு டென்மார்க் இயற்பியலாளர்கள் கணக்குப் போட்டு எழுதினார்கள். ஒரு மூலக்கூறு உலோகத்தோடு பிணையும்போது இரண்டு நிலைகள் உண்டாகும்: ஒன்று இழுத்துப் பிடிப்பது, இன்னொன்று தள்ளிவிடுவது. பிளாட்டினத்தில் அந்தத் தள்ளிவிடும் நிலை பெரும்பாலும் காலியாக இருக்கும், ஆகவே பிடிப்பு ஜெயிக்கும். தங்கத்தின் எலக்ட்ரான் மட்டங்கள் ஆழத்தில் இருப்பதால் தள்ளிவிடும் நிலையும் நிரம்பிவிடுகிறது. போதாக்குறைக்கு தங்கத்தின் எலக்ட்ரான் மேகம் பெரியது, வருகிற அணுவின் எலக்ட்ரான்களோடு இடித்துக்கொள்கிறது. மொத்தத்தில் ஆக்சிஜனோ ஹைட்ரஜனோ வந்தால் உடைந்து உட்கார வழியில்லை.

ஆனால் ‘எதுவுமே ஒட்டாது’ என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு கரிமச் சங்கிலியின் முனையில் கந்தகம் இருந்தால் அது தங்கத்தைப் பிடித்துக்கொண்டு விடாது. வெள்ளியை மாதிரி உள்ளே இறங்கி உலோகத்தைத் தின்னாது, மேலே ஒரே அடுக்காக, புல்தரை போல ஒரே கோணத்தில் சாய்ந்து நிற்கும். 1983-ல் பெல் ஆய்வகத்தில் நுஸோவும் அல்லாராவும் இதைக் காட்டினார்கள். அப்புறம் தங்கத்தின் மேல் எந்த மூலக்கூறை வேண்டுமானாலும் நட்டுவைக்க வழி கிடைத்தது, உயிரியல் உணர்விகள் செய்கிறவர்களுக்கு இன்று இதுதான் சோறு போடுகிறது.

இன்னொரு அதிசயம். கட்டித் தங்கம் சோம்பேறி, சரி. அதையே சில நானோமீட்டர் துகளாக்கி இரும்பு ஆக்சைடின் மேல் வைத்தால் மைனஸ் 70 டிகிரியிலேயே கார்பன் மோனாக்சைடை எரித்துவிடுகிறது. ஜப்பானில் மசடாகே ஹருடா 1987-ல் இதை வெளியிட்டபோது பலர் நம்பவில்லை. துகள் சிறிதாகும்போது ஓரத்திலும் மூலையிலும் இருக்கும் அணுக்கள் அதிகமாகின்றன, அவற்றுக்குப் பக்கத்துணை குறைவு, பிணைய வேட்கை அதிகம். ஆக்சைடும் தங்கமும் சந்திக்கும் விளிம்பும் சேர்ந்து வேலை செய்கிறது.

கொலுசுக்கு ஒரு வழி: ஒரு பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, சமையல் சோடா போட்ட கொதிநீரை ஊற்றி, கொலுசு தாளைத் தொடுகிற மாதிரி போடுங்கள். கந்தகம் அலுமினியத்தின் பக்கம் போய்விடும், வெள்ளி கொலுசிலேயே தங்கும். அழுகிய முட்டை வாடை வந்தால் பயப்பட வேண்டாம், வேலை நடக்கிறது. கடையில் கொடுத்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் கறுப்போடு வெள்ளியும் கொஞ்சம் போகும். கல் பதித்ததையும் வேண்டுமென்றே கறுப்பேற்றிய வேலைப்பாடு உள்ளதையும் இப்படிச் செய்யாதீர்கள்.

கேள்வி: எதுவும் ஒட்டாத டெஃப்லான் தோசைக்கல்லில் டெஃப்லான் மட்டும் எப்படி ஒட்டியது?
– பெயர் போடாத கடிதம்

பெரும்பாலும் வேதிப்பிணைப்பால் இல்லை. அலுமினியத்தை மணல் அடித்துச் சொரசொரப்பாக்கி, பிடிப்புக்கு என்று ஓர் அடிப்பூச்சு போட்டு, அதற்கு மேல் டெஃப்லானைச் சூட்டில் இறுக்குகிறார்கள். பள்ளங்களில் கோத்துக்கொண்டு நிற்கிறது. அதனால்தான் கம்பி நாரால் தேய்த்தால் ஏடு ஏடாக வருகிறது.

கேள்வி: யூரியா காற்றிலிருந்துதான் வருகிறது, அதற்கு இரும்பு வேண்டும் என்று வேளாண் அலுவலர் ஒருவர் சொன்னார். யூரியா மூட்டையில் இரும்பு எங்கே இருக்கிறது?
– விவசாயி, மன்னார்குடி

மூட்டையில் இருக்காது ஐயா. ஆலையில் இருக்கும். தூத்துக்குடி, மணலி யூரியா ஆலைகளிலும் இதே கதைதான்: முதலில் அம்மோனியா, அதிலிருந்து யூரியா.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் இரண்டு நைட்ரஜன் அணுக்களும் மூன்று பிணைப்பு போட்டு இறுகிக் கிடக்கின்றன, பிரிக்க மோலுக்கு 945 கிலோஜூல் வேண்டும். பயிரால் அதை உடைக்க முடியாது. 1909-ல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் ஆஸ்மியம் என்ற அரிய உலோகத்தை வைத்து நைட்ரஜனையும் ஹைட்ரஜனையும் அம்மோனியாவாகச் சேர்த்துக் காட்டினார். உலகத்தில் கிடைக்கிற ஆஸ்மியத்தை எல்லாம் சேர்த்தாலும் ஆலைக்குப் போதாது. பிஏஎஸ்எஃப் கம்பெனியில் ஆல்வின் மிட்டாஷ் ஆயிரக்கணக்கான கலவைகளைச் சோதித்து, கடைசியில் ஸ்வீடன் இரும்புத்தாதுவில் கொஞ்சம் அலுமினாவும் பொட்டாசும் சேர்ந்த ஒன்றில் வந்து நின்றார். 1913-ல் ஒப்பாவில் ஆலை ஓட ஆரம்பித்தது. நூறு வருஷம் தாண்டியும் பெரும்பாலான ஆலைகளில் இன்றும் அடிப்படையில் அதே இரும்புதான்.

அது எப்படி வேலை செய்கிறது என்பது மட்டும் பல பத்தாண்டுகள் பிடிபடவில்லை. ஜெர்மன் வேதியியலாளர் கெர்ஹார்ட் எர்ட்ல்தான் சுத்தமான இரும்புப் படிகங்களை எடுத்து, கிட்டத்தட்ட வெற்றிடத்தில் வைத்து, படிப்படியாகக் கண்டார். நைட்ரஜன் இரும்பில் வந்து ஒட்டுகிறது, இரும்பு கொடுக்கும் எலக்ட்ரானால் மூன்று பிணைப்பும் தளர்கிறது, இரண்டாக உடைகிறது, பிறகு ஹைட்ரஜன் ஒவ்வொன்றாக வந்து சேர்கிறது. மெதுவான படி அந்த உடைதல்தான். நல்ல முகமுள்ள படிகத்திலும் பத்து லட்சம் முறை மோதினால் ஏதோ ஒரு முறை உடைந்து ஒட்டும். முகம் என்றேனே, இரும்புப் படிகத்தை எந்தக் கோணத்தில் வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்து வேகம் அடியோடு மாறுகிறது: அணுக்கள் நெருக்கமாக அடுக்கிய முகம் சோம்பல், பள்ளம் பள்ளமாகத் திறந்திருக்கும் முகம் சுறுசுறுப்பு. மிட்டாஷ் சேர்த்த பொட்டாசு என்ன செய்தது என்பதும் அப்போதுதான் தெளிவானது, இரும்புக்கு எலக்ட்ரானைக் கூட்டி நைட்ரஜன் உடைவதை எளிதாக்குகிறது. எர்ட்லுக்கு 2007-ல் நோபல் அறிவித்தார்கள், அன்றைக்கு அவருடைய 71-வது பிறந்தநாள்.

இரும்பைவிட இறுக்கமாக நைட்ரஜனைப் பிடிக்கிற உலோகம் இன்னும் நன்றாகச் செய்யுமே என்று தோன்றும். செய்யாது. டங்ஸ்டன் போன்றவை நைட்ரஜனை உடைத்துவிடும், ஆனால் அப்புறம் விடாது, மேற்பரப்பு அடைபட்டுப்போகும். தாமிரமோ உடைக்கவே உடைக்காது. பிடிக்கவும் வேண்டும், விடவும் வேண்டும், இந்த இரண்டுக்கும் நடுவில் சரியாக நிற்கிற உலோகங்கள் கைவிரலில் எண்ணிவிடலாம். இரும்பு அதில் ஒன்று என்பதும், அது மலிவாகக் கிடைக்கிறது என்பதும் விவசாயிகளின் அதிர்ஷ்டம்.

கேள்வி: பித்தளை அண்டாவுக்கு ஈயம் பூசுகிறவர் சூட்டில் ஒரு வெள்ளைப் பொடியைத் தூவினார், குபுகுபுவென்று புகை வந்தது. அந்தப் பொடி எதற்கு?
– கும்பகோணம் வாசகியே, அதே கடிதத்தில் இரண்டாவதாக

அது நவச்சாரம், அதாவது அம்மோனியம் குளோரைடு. நாம் தொடுகிற உலோகம் எதுவும் வெறும் உலோகம் இல்லை. காற்றில் ஒரு புதுப் பரப்பைத் திறந்தால் ஒரு நொடியில் நூறு கோடியில் சில பங்கு நேரத்துக்குள்ளாகவே, பரப்பில் உள்ள அணுக்கள் அத்தனையையும் மூடுகிற அளவுக்கு வாயு மூலக்கூறுகள் வந்து மோதிவிடுகின்றன. எர்ட்ல் வெற்றிடம் தேடிப்போனது இதனால்தான். பித்தளையின் மேல் எப்போதும் ஆக்சைடு படிந்திருக்கும், சூடாக்கினால் இன்னும் தடிக்கும், உருகிய வெள்ளீயம் அந்த ஆக்சைடின் மேல் முத்து முத்தாக உருண்டு ஓடுமே தவிர ஒட்டாது.

நவச்சாரம் சூட்டில் அம்மோனியாவாகவும் ஹைட்ரஜன் குளோரைடாகவும் பிரிகிறது. பின்னது ஆக்சைடைக் குளோரைடாக்கிக் கழற்றிவிடும். அந்த நொடியில் வெறும் தாமிர அணுக்கள் திறக்கின்றன, பூசுகிறவர் பஞ்சால் வெள்ளீயத்தை இழுத்துவிடுகிறார், வெள்ளீயமும் தாமிரமும் அணுவோடு அணுவாகப் பிணைந்து நடுவில் ஒரு கலப்புலோக அடுக்கே உருவாகிறது. கை கொஞ்சம் தாமதித்தால் மறுபடி ஆக்சைடு முந்திக்கொள்ளும், அவர் அவ்வளவு வேகமாகத் தேய்ப்பது அதற்குத்தான். வெள்ளைப் புகை என்பது அம்மோனியாவும் ஹைட்ரஜன் குளோரைடும் காற்றில் திரும்பச் சேர்ந்து உண்டாகும் நவச்சாரமேதான். நெடி தொண்டையைப் பிடிக்கும், குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

பூசியது வெள்ளீயமா, விலை குறைவென்று காரீயம் கலந்ததா என்று கேட்டுவிடுங்கள், காரீயம் சாப்பாட்டில் இறங்கினால் விஷம். பூசிய அண்டாவை அடுப்பில் வெறுமனே காயவிடவும் வேண்டாம். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும்.